அருவிக்கு நாள் பார்த்தல்

யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்தவனுக்குத் தண்ணீர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிணறுதான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எங்கள் குடாநாட்டில் ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு என்று பெயர் சொல்ல ஒன்று உண்டு. மாரியில் ஓடிக் கோடையில் அதுவும் மறைந்துவிடும். மலையோ அறவே இல்லை. கீரிமலை உண்டே என்று கேட்பீர்களாயின், அங்கே மலையைத் தேடிப் போனவர்கள் கடலைக் கண்டு திரும்பியதே வழக்கம். சுண்ணக்கல் நிலத்தில் பெய்யும் மழை கீழே இறங்கி உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். ஆதலால் நாம் தண்ணீரை எண்ணிச் செலவு செய்யப் பழகியவர்கள்.

இத்தகைய ஊரிலே வாழ்ந்து எழுபத்தைந்து வயதையும் கடந்துவிட்ட என் தாயார், சென்ற தைப்பொங்கலன்று உணவருந்திக்கொண்டிருக்கையில், "தம்பி, என்னை ஒருக்கால் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போவியோ?" என்று கேட்டார். தமக்கென்று எதனையும் கேட்டறியாதவர் அவர். என் மனைவியும் மகனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று தொடங்கிய ஆயத்தம் இன்னும் முடியவில்லை. அந்த ஆயத்தத்தில் நாங்கள் அறிந்துகொண்டவை, இதே எண்ணங்கொண்ட வேறு குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதனாலேயே இங்கு எழுதுகின்றேன்.

அப்பு சொன்ன கதை

என் தாயாரின் தகப்பனார் புகையிலைத் தோட்டம் செய்தவர். 1960ஆம் ஆண்டில், அயலவர் சிலரோடு தமிழ்நாட்டுக்குத் தல யாத்திரை சென்றார். அக்காலத்தில் அது பெரிய காரியமன்று. யாழ்ப்பாணத்தில் புகையிரதம் ஏறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னார்த் துறையில் கப்பலேறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து பாம்பன் பாலத்தைக் கடந்து எங்கும் செல்லலாம். மதுரை, திருநெல்வேலி ஆகிய இடங்களைத் தரிசித்துவிட்டு அவர்கள் குற்றாலத்துக்கும் போனார்கள்.

திரும்பி வந்தவர், கோயில்களைப்பற்றிச் சொன்னதிலும் பார்க்க அந்த அருவியைப்பற்றிச் சொன்னதே அதிகம். "ஆரோ மேலை நிண்டு பட்டை பட்டையாய் விடாமல் ஊத்துற மாதிரிப் பிள்ளை. துலா மிதிக்க ஆளில்லை, கயிறில்லை, பட்டையில்லை. நீ போய் நிண்டால் போதும்!" என்பாராம். விடியற்காலையில் துலா மிதித்துப் புகையிலைக் கன்றுகளுக்கு இறைத்தவருக்கு, இறைக்காமலே விழும் நீர் எவ்வளவு பெரிய அதிசயமாய் இருந்திருக்கும்! பத்து வயதுச் சிறுமியாய் இருந்த என் தாயாரிடம், "நீ சோதனை பாஸ் பண்ணு, உன்னையும் கூட்டிக்கொண்டு போறன்" என்று வாக்கும் கொடுத்தார்.

1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. பின்பு இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியதுண்டு. ஆனால் அதற்குள் அப்பு நோயில் விழுந்தார். தாயாருக்குக் கலியாணம், பிள்ளைகள், குடும்பப் பாரம். 1980களில் அந்தக் கப்பலும் நின்றது. அதன்பின் நடந்தவற்றை யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு வலிகாமத்தைவிட்டு எல்லோரும் வெளியேறிய இரவில், என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த தாயார் குற்றாலத்தை நினைத்திருக்க மாட்டார். எனினும் மறக்கவும் இல்லை என்பது இப்பொழுது தெரிகின்றது.

நான் கண்ட குற்றாலம்

2018ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், திருநெல்வேலியில் நடைபெற்ற ஒரு கருத்தரங்குக்கு நான் சென்றிருந்தேன். மாலையில் ஒரு பொழுது ஓய்வு கிடைத்தது. நண்பர்கள் இருவரோடு பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். தென்காசியை நெருங்கும்போதே காற்றுக் குளிர்ந்துவிட்டது. மலைமுகடுகளை முகில் மூடியிருந்தது. மழை என்று குடை விரிப்பதா, வெயில் என்று மடக்குவதா என்று தெரியாதபடி ஒரு தூறல். சாரல் என்று அவ்வூரார் சொல்வது அதனைத்தான். கடைத்தெருவைக் கடந்ததும் முதலில் காதுக்கு வந்தது இரைச்சல்; பின்னர்தான் கண்ணுக்கு வந்தது வெள்ளை.

ஆனால் அன்று மலையில் பெருமழை. அருவியில் நீர் மிஞ்சிவிட்டபடியால், காவலர்கள் கயிறு கட்டி எவரையும் நெருங்கவிடவில்லை. கயிற்றுக்கு இப்பால் ஒரு மணி நேரம் நின்றேன். முகத்தில் திவலை பட்டதே தவிரத் தலையில் நீர் விழவில்லை. இரவு பஸ்ஸில் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து தாயாரிடம் பெருமையாய்ச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ பாத்தனி, நனையேல்லையே" என்றார். அந்த ஒரு சொல்லிலே என் பிரயாணத்தின் குறை முழுவதும் அடங்கியிருந்தது. ஓர் அரைநாளை ஒதுக்கிக்கொண்டு போய், அந்த நேரத்துக்கு அருவி ஆயத்தமாய் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அருவி நம்முடைய நேரசூசியைப் பார்ப்பதில்லை. குற்றாலப் பயணத்துக்குத் திட்டம் போடுபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுவே.

ஒரே காற்று

எப்பொழுது போவது? இதற்கு விடை சொன்னவர் எங்கள் கல்லூரிப் புவியியல் ஆசிரியர். "வீட்டுப் பனையோலை எப்போது சரசரக்கத் தொடங்குகிறதோ, அப்போது குற்றாலத்தில் சாரல் தொடங்கும்" என்றார் அவர்.

வைகாசி முதல் எங்கள் ஊரில் வீசும் சோழகக் காற்றை எல்லோரும் அறிவர். புழுதியைக் கிளப்பி, உதட்டை வெடிக்கச் செய்து, கிணற்று நீரைக் கீழே இறக்கும் காற்று அது. அந்தத் தென்மேற்குக் காற்றே குற்றாலத்தின் உயிர். கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்த, கேரளத்தில் மழை கொட்டுகின்றது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கத்தில் அம்மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாய் அமைந்திருக்கின்றது. அந்த வாசலினூடே நுழையும் ஈரக்காற்று, இப்பால் உள்ள தென்காசிச் சீமையில் சாரலாய்ச் சிதறுகின்றது. திரிகூடமலையில் விழுந்த மழை சிற்றாறாய்த் திரண்டு பேரருவியாய்க் குதிக்கின்றது. நம் நாட்டிலோ அதே காற்றின் மழையைத் தென்மேற்கு மலைகள் வாங்கிவிடுகின்றன. ஈரம் எஞ்சியிருந்தாலும் அதனை மேலே எழுப்பி மழையாக்க நம் குடாநாட்டில் ஒரு குன்றுதானும் இல்லை. நம்மை உலர்த்துகின்ற காற்றே அங்கே நனைக்கின்றது என்பதைக் கேட்டபோது, என் தாயார், "அப்ப எங்கடை தண்ணியும் அங்கைதான் விழுகுதோ?" என்றார். கணக்காய்வாளரும் மறுக்க முடியாத கேள்வி!

ஆகவே ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் குற்றாலத்துக்குரிய மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையிலும் நீர் உண்டு. ஆனால் அது வடகீழ்ப் பருவக்காற்றின் அடைமழை. வெள்ளப்பெருக்கு அடிக்கடி நேரும். முதியோரும் சிறுவரும் செல்லும் பயணத்துக்கு அது ஏற்றதன்று.

மூன்று மாதங்களில் எந்த வாரம்? பாடசாலையின் இரண்டாந் தவணை விடுமுறை பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். ஆனால் அக்காலத்தில்தான் நல்லூர்த் திருவிழா. கந்தன் கொடியேறியபின் ஊரைவிட்டுப் போவதைத் தாயார் ஒப்பமாட்டார். அதற்கு முன் ஆடி அமாவாசை; தந்தையாரை இழந்த நான் அன்று கீரிமலையில் இருந்தாக வேண்டும். குற்றாலத்திலும் ஆடி அமாவாசைக்குச் சனக்கூட்டம் நெருக்கும். எனவே ஆனிக் கடைசி வாரத்தில், திங்கள் முதல் வியாழன்வரை குற்றாலத்தில் தங்குவதென்றும், ஆடிப்பிறப்புக் கூழுக்கு வீடு திரும்புவதென்றும் முடிவு செய்தோம். சனி, ஞாயிறுகளில் அயல் மாவட்டங்களிலிருந்து பெருங்கூட்டம் வருமாதலால் அவற்றை விலக்கினோம். மகனுக்குச் சில நாட் பாடம் போகும். அதற்கு ஈடாக வழிநெடுக அவனைக்கொண்டே ஒரு பயணக்குறிப்பு எழுதுவிப்பதாக அவனுடைய வகுப்பாசிரியரிடம் ஒப்புக்கொண்டிருக்கின்றேன்.

போகும் வழி

நெடுங்காலம் நாம் தமிழ்நாடு போவதற்குக் கொழும்பைச் சுற்றவேண்டியிருந்தது. 2019 அக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாய்த் திறக்கப்பட்டது. இடையில் தடைப்பட்டுப் பின் சென்னைச் சேவை மீண்டும் தொடங்கிற்று. 2025 மார்ச்சு இறுதியில் திருச்சிராப்பள்ளிக்கும் விமானம் விடப்பட்டது. தென்பாண்டி நாட்டுக்குப் போகிறவர்களுக்குத் திருச்சியே கிட்டிய வழி. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. "அப்பு கப்பலிலைதான் போனவர்" என்று தாயார் ஆசைப்பட்டார். ஆயினும் நாகையிலிருந்து தென்காசி வெகுதூரம். முழங்கால் நோவுள்ளவருக்கு அது கடினம் என்று தேற்றினோம். விமானமாயினும் கப்பலாயினும் சேவைகள் மாறக்கூடியவை. புறப்படுமுன் கேட்டு உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும்.

கடவுச்சீட்டும் இந்திய விசாவும் முற்கூட்டியே பெறவேண்டும். என் தாயார் இதுவரை கடவுச்சீட்டு எடுத்ததில்லை. பிறப்புச் சான்றிதழோ 1995இல் தொலைந்துபோனது. அதன் பிரதியை எடுக்கவே இரண்டு மாதம் சென்றது. முதியோரைக் கூட்டிச்செல்ல எண்ணுவோர் இந்த வேலையை முதலில் தொடங்குவது நன்று.

திருச்சியிலிருந்து தென்காசி ஏறத்தாழ 300 கிலோமீற்றர். ஒரே நாளில் ஓடிச் சேரலாம். ஆனால் நடுவில் மதுரையில் ஓர் இரவு தங்குகின்றோம். மீனாட்சி தரிசனமும் ஆயிற்று. முதுகுக்கு ஆறுதலும் ஆயிற்று. மதுரையிலிருந்து இராசபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பஸ்ஸும் உண்டு, புகையிரதமும் உண்டு. தென்காசியிலிருந்து குற்றாலம் 5 கிலோமீற்றரே. தென்காசி, 2019 நவம்பர் முதல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாய் விளங்குகின்றது.

எந்த அருவி, யாருக்கு?

குற்றாலம் என்றால் ஓர் அருவி என்று நினைத்தல் தவறு. ஊர் நடுவே, கோயிலுக்கு அருகில் விழுவது பேரருவி. ஏறத்தாழ 60 மீற்றர் உயரத்திலிருந்து வரும் நீர், இடையில் பொங்குமாகடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து பொங்கி, வேகம் தணிந்து கீழே இறங்குகின்றது. அந்தக் குழி இல்லையேல் எவரும் அடியில் நிற்க முடியாது. சில கிலோமீற்றர் தொலைவில் ஐந்து கிளையாய் விழுவது ஐந்தருவி. பழைய குற்றால அருவி மற்றொரு திசையில் இருக்கின்றது. புலியருவி சிறியது, பெயரிலுள்ள கடுமை நீரில் இல்லை. மலைமேல் ஏறிச் செல்லும் காட்டுவழியில் செண்பகாதேவி அருவியும் அம்மன் கோயிலும் உள்ளன. அதற்கும் மேலே தேனருவி. அது ஆபத்தான இடம். காட்டுவழிகளில் வனத்துறையின் அனுமதியின்றி எவரும் ஏறலாகாது. படம் எடுக்கும் ஆசையில் ஏறத் துணியும் மாணவர்களுக்கு இதனை வற்புறுத்திச் சொல்கின்றேன்.

இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டில் வழக்கு முற்றியது. "மாமிக்கு முழங்கால் நோ. ஈரக் கல்லிலை வழுக்கினால் ஆர் பொறுப்பு?" என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. அச்சத்துக்கு வேறு காரணமும் உண்டு. 2024 மே 17ஆம் திகதி பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, பதினேழு வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். கீழே வெயில் எறிக்கும்போதும் மலைமேல் மழை பெய்துகொண்டிருக்கலாம். நீர் செந்நிறமாகக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் திடீரெனக் கூடினாலும் ஒரு கணமும் நில்லாது விலகிவிட வேண்டும். காவலர் விலகச் சொன்னால், ஏன் என்று கேட்பதற்கு முன் விலக வேண்டும். 2018இல் என்னை மறித்த கயிற்றின்மேல் எனக்கு அன்று கோபம் வந்தது. இன்று அந்தக் கயிற்றுக்கு நன்றி சொல்கின்றேன்.

முடிவில் ஓர் இணக்கத்துக்கு வந்தோம். முதல்நாள் தாயாரைப் புலியருவிக்கு மட்டும் அழைத்துச் செல்வது. நீர் மட்டாக இருந்து, கூட்டமும் குறைவாய் இருந்தால், மறுநாள் விடியற்காலையில் பேரருவியின் பெண்கள் பகுதியில், ஓரத்தில், மனைவி கைப்பிடித்திருக்க ஒரு நிமிடம் நிற்பது. நடு நீரில் நிற்பதில்லை. மகன் ஐந்தருவியில் என்னோடு மட்டுமே குளிப்பான். மருந்து, ரப்பர் அடிச் செருப்பு, மாற்றுடை, இரண்டிரண்டு துவாய் ஆகியவை முதற்பொதியில். எண்ணெய், சவர்க்காரம் வேண்டியதில்லை. அருவியில் அவற்றைப் பயன்படுத்த நீதிமன்றமே தடை விதித்துள்ளது. கீழே அந்த நீரைக் கொண்டு வயல் செய்வோர் இருக்கின்றார்கள் அல்லவா? உண்பண்டத்தைக் கையில் வெளிப்படக் கொண்டு போகவும் கூடாது. அங்குள்ள குரங்குகளுக்கு விருந்தினர் முறை தெரியாது.

அருவி மூடியிருந்தால்

நான்கு நாளும் அருவி மூடியிருந்தால் என் செய்வது? இக்கேள்விக்கு விடை இல்லாத திட்டம் திட்டமே அன்று. நல்லகாலமாக, அருவியின்றியும் குற்றாலம் வெறும் ஊர் அன்று.

குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவாய் அமைந்தது. அம்மை குழல்வாய்மொழி, தலமரம் குறும்பலா. ஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒன்றும் குறும்பலாவுக்கு ஒன்றுமாக இரண்டு பதிகங்கள் அருளியிருக்கின்றார். கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் சித்திரசபை இங்கேதான், கோயிலுக்குப் புறம்பே தனி மண்டபமாக, சுவரோவியங்களுடன் விளங்குகின்றது. மதுரையில் வெள்ளிசபை, குற்றாலத்தில் சித்திரசபை, திரும்பும்போது திருநெல்வேலியில் தாமிரசபை என ஐந்தில் மூன்றை ஒரே பயணத்தில் தரிசிக்கலாம். தாயாருக்கு இதைச் சொன்னதும், அருவி இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டதோ என்று ஐயுற்றேன்!

மாணவர்களுக்குக் குறவஞ்சியின் ஊர் இது. அருகிலுள்ள மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில், வசந்தவல்லிக்குக் குறத்தி தன் மலைவளம் கூறும் பகுதியை நம் வகுப்பறைகளில் எத்தனையோ முறை படித்திருக்கின்றோம். மலையே கண்டிராத பிள்ளைகளுக்கு மலைவளம் கற்பித்திருக்கின்றேன் என்பதை 2018இல் அங்கு நின்றபோதுதான் உணர்ந்தேன். அந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு அளித்த நிலம் குறவஞ்சி மேடு எனப்படும். பிற்காலத்தில் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இவ்வூரில் வாழ்ந்து, 1954இல் மறையும்வரை கவிதை பேசினார். இராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கு வந்தவர்கள்.

தென்காசியில் பதினைந்தாம் நூற்றாண்டிலே பராக்கிரம பாண்டியன் எடுத்த காசி விசுவநாதர் ஆலயம் உண்டு. அதன் கோபுர வாசலில் நின்றால், கணவாய்வழி வந்த தென்மேற்குக் காற்று நம்மை நிற்கவிடாது தள்ளும். நம் ஊர்ச் சோழகத்தின் தமையனை அங்கே சந்திக்கலாம். வழியில் இலஞ்சிக் குமரன் கோயில். கடைத்தெருவில் மங்குஸ்தான், ரம்புட்டான். நான்கு நாளும் வீண்போகா.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, சென்ற வெள்ளிக்கிழமை இரவு தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். நாள், வழி, தங்குமிடம், மருந்து யாவற்றையும் பொறுமையாய்க் கேட்டார். முடிவில், "அம்மா, ஒன்று சொல்ல வேணும். நாங்கள் போற நேரம் தண்ணி கூடிக் கயிறு கட்டியிருந்தால், நாலு நாளும் காத்திருக்க வேண்டி வரும்" என்றேன்.

"அறுபது வருசம் பொறுத்தனான். நாலு நாள் பொறுக்கமாட்டனே?" என்றார்.

மறுநாட் காலையில் கிணற்றடியில் அவர் தோய்ந்துகொண்டிருக்கையில் பார்த்தேன். வாளியில் எஞ்சியிருந்த நீரை வழக்கம்போல வாழையடியிலே ஊற்றினார். அருவியைக் கண்டு திரும்பிய பின்பும் அவர் அப்படியே செய்வார். அதில் எனக்கு ஐயமில்லை. என் மகனும் அப்படிச் செய்யப் பழகுவானாயின், இந்தப் பயணத்தின் செலவு முழுவதும் எமக்கு மீண்டதாகக் கொள்வேன்.